வெயிட் மிஷின் என்றுதான் கேட்டேன்

எங்கள் குடும்பத்தில் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் யாராவது ஒருவர் எடுத்துவிடுகிற கதை ஒன்று இருந்தது. எம்.ஏ. படித்த அப்பா, மகளுக்கு உடற்பயிற்சி செய்கிற வெயிட் மிஷின் வாங்கச் சேலத்துக்குப் போய், காபி மூட்டை எடை போடுகிற வெயிட் மிஷினை வாங்கிக்கொண்டு வந்த கதை. என் மகள்தான் அதை நன்றாகச் சொல்வாள். சாக்கைப் பிரித்ததும் எல்லோருடைய முகமும் எப்படிப் போனது, தோட்டத்து ரைட்டர் என்ன சொன்னார், நான் எப்படிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவாள். கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தக் கதையில் ஒன்றைத் தவிர எல்லாம் உண்மை. கடைக்காரர் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. நானும் குழம்பவில்லை. எது எந்த மிஷின் என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஏற்காடு மலையில் நாகலூருக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம். என் அப்பா வாங்கியது. நான் சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, அங்கேயே ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, அப்பா படுத்த படுக்கையான பிறகு மலைக்குத் திரும்பியவன். தோட்டத்தில் என்னை முதலாளி என்று யாரும் சொல்லவில்லை. ‘எம்மேக்காரரு’ என்றுதான் சொல்வார்கள். என் முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

மகள் ஒருத்திதான். ஏற்காட்டில் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், என் அம்மாவின் உடல்வாகு. காபிப் பழம் எடுக்கிற காலத்தில், ஆட்கள் சேர்ந்து தூக்குகிற மூட்டையின் ஒரு முனையைத் தனியாகப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடுவாள். பள்ளியில் அவளைக் குண்டு எறிய வைத்தார்கள். எறிந்த முதல் வருடமே மாவட்டத்தில் பேர் வாங்கினாள். கோப்பையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, “ஏனுங்ப்பா, இதுல குழம்பு ஊத்திச் சாப்பிடலாங்களா?” என்று கேட்டாள். அன்று அவள் அம்மா உண்மையாகவே அதில் ரசம் ஊற்றி வைத்தாள்.

பள்ளியின் விளையாட்டு டீச்சர் ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நடுத்தர வயது. ஸ்வெட்டருக்கு மேல் விசில் தொங்கும். காபியை ஆற்றாமல் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சார், உங்க பொண்ணு கை நல்ல கை. ஆனா தோளுக்கும் காலுக்கும் இன்னும் பலம் வேணும். தை மாசம் சேலத்துல மாநில அணிக்கு ஆள் எடுக்கறாங்க. அதுல வந்துட்டா போதும், விளையாட்டுல வர்ற பிள்ளைகளுக்குன்னு இடம் வெச்சிருக்கற காலேஜ் சென்னையில இருக்குது. படிப்பு, ஹாஸ்டல், பயிற்சி எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க.”

“எறிஞ்சு பழகட்டுமே, டீச்சர்,” என்றேன்.

“எங்க எறியறது? வெளிய பாருங்க.”

வெளியே பார்த்தேன். மூடுபனியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனி பிறந்துவிட்டால் எங்கள் மலையில் அப்படித்தான். சில்வர் ஓக் மரங்கள் இடுப்புக்கு மேல் தெரியாது. வாசலில் நிற்கிற ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். பள்ளி மைதானத்தில் குண்டு விழுந்த இடத்தில் குளம் ஆகிவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் டீச்சர். ஐப்பசி, கார்த்திகை வரைக்கும் மழை விடாது. கீழே சமவெளியில் இருக்கிற பிள்ளைகள் அந்த மாதங்களில் எல்லாம் மைதானத்தில் இருப்பார்கள். இவள் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தால்தான் ஈடுகொடுக்க முடியும். அதற்கு ஒரு வெயிட் மிஷின் வேண்டும். சேலத்தில் செய்து விற்கிற ஒருவர் இருக்கிறார் என்று கடையின் அடையாளத்தையும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அந்தப் பொருளில் எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கேட்டோம். மலையில் வெயிட் மிஷின் என்றால் எடை போடுகிற மிஷின். காபி மண்டியில் இருப்பது, சேலம் ஜங்ஷனில் காசு போட்டால் எடையும் ஜோசியமும் அச்சடித்த அட்டையைத் துப்புவது, ஆஸ்பத்திரியில் ஏறி நிற்பது எல்லாமே வெயிட் மிஷின்தான். எங்கள் ரைட்டர், அதாவது தோட்டத்தின் கணக்குவழக்குகளைப் பார்க்கிறவர், டீச்சர் போன பிறகு என்னிடம் வந்து, “ஏனுங்கய்யா, பாப்பா எளச்சுப் போச்சுன்னு எடை பாக்கச் சொல்றாங்களா?” என்று கவலையாகக் கேட்டார். நான்தான் அவருக்கு விளக்கினேன். கம்பியை இழுத்தால் இரும்புப் பலகைகள் மேலே போகும், விட்டால் கீழே வரும் என்று. “எதுக்குங்க?” என்றார் அவர். “மறுபடியும் இழுக்கறதுக்கு,” என்றேன்.

ஆடிக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மகளும் நானும் சேலத்துக்குப் புறப்பட்டோம். அந்தக் காலத்துப் பஸ் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயது குறைகிறது. ஏற்காட்டில் ஏறும்போது ஸ்வெட்டர், மஃப்ளர், ஜன்னல் எல்லாம் மூடி. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். எந்த வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றுவது என்பதில் எனக்கும் மகளுக்கும் எப்போதும் போட்டி. முதலில் கழற்றுகிறவர் தோற்றவர். அன்று நான்தான் தோற்றேன். அவள் அடிவாரம் வரைக்கும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர்கூட, “ஏம் பாப்பா, காச்சலா?” என்று கேட்டார்.

கடை, முன்பக்கம் கடையாகவும் பின்பக்கம் பட்டறையாகவும் இருந்தது. பற்றவைக்கிற வாடை. கடைக்காரருக்குத் தொந்தியும் மிகப் பெரிய கைகளும் இருந்தன.

“வாங்க, வாங்க. பையனுக்குங்களா?”

“எனக்குங்க,” என்றாள் மகள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, “அப்படின்னா உக்காந்து பாத்துத்தான் வாங்கோணும். செருப்பும் மிஷினும் ஒண்ணுதானுங்க. காலு போடாம வாங்கப்படாது,” என்றார்.

இரண்டு மிஷின்கள் இருந்தன. ஒன்று நாலு பக்கமும் நாலு பேர் நின்று செய்கிற மாதிரி பெரியது. பளபளவென்று வெள்ளி முலாம் பூசியது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். கடைக்காரர் என்னைத் தடுத்தார்.

“மலைக்கா? அய்யோ, இது வேண்டாமுங்க. உங்க பனிக்கு ஒரு மழைக்காலத்துல துருப் பூத்துப் போயிரும். பெயிண்ட் அடிச்சதா வாங்கிக்குங்க. கம்பிக் கயித்துக்கு மாசாமாசம் கிரீஸ் போடுங்க. அப்பறம், ஊட்டுல மோடு எவ்வளவு உசரம்? இழுக்கற கம்பி மேல போயி ஓட்டுல இடிக்கப்படாது, பாருங்க.”

இரண்டாவது மிஷின் சின்னது. பச்சைப் பெயிண்ட். சிவப்பு ரெக்சின் வைத்த இருக்கை. தலைக்கு மேலே ஒரு குறுக்குக் கம்பி. அதை மார்புக்கு இழுத்தால் முதுகுக்கும் தோளுக்கும் வேலை. கீழே காலால் தூக்குகிற ஒரு பகுதி. பின்னால் செங்கல் அடுக்கிய மாதிரி இரும்புப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஓட்டை. எந்த ஓட்டையில் ஆணியைச் சொருகுகிறோமோ அதற்கு மேலே இருக்கிற பலகைகள் எல்லாம் எழும். குண்டு எறிகிற பிள்ளைக்கு இது போதும், மற்றதெல்லாம் கண்ணாடி பார்க்கிறவர்களுக்கு என்றார் கடைக்காரர்.

மகள் உட்கார்ந்தாள். தாவணியை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டாள். கம்பியை இழுத்தாள். பலகைகள் சத்தமில்லாமல் எழுந்தன.

“இன்னும் கீழ சொருகுங்க,” என்றாள்.

கடைக்காரர் சொருகினார். இழுத்தாள். இன்னும் கீழே. அதையும் இழுத்தாள். அவர் இன்னொரு ஓட்டை இறக்கிவிட்டு, “இது நான் இழுக்கறது, பாப்பா. மெதுவா,” என்றார். அவள் மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக இழுத்து, மார்புக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்து, மெதுவாக விட்டாள். கடைக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஏனுங்க, என்ற மிஷினே பயந்துக்கும் போல இருக்குதே!”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை எனக்குச் சரியாக எழுதத் தெரியவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தபோதும், கல்யாணத்தன்றும், குழந்தை பிறந்தபோதும் நான் அதைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லலாம்.

ஆனால் நான் வேறொன்றையும் பார்த்தேன். எதிர்ச்சாரி டீக்கடையில் இருந்த இரண்டு இளைஞர்கள் எழுந்து வந்து ரோட்டின் நடுவில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தோளைத் தூக்கி, கைகளை விரித்து ஏதோ செய்து காட்டினான். மற்றவன் சிரித்தான். அவர்களுடைய கண்களால் நான் என் மகளைப் பார்த்தேன். ரவிக்கையின் கைகள் இறுகி, முதுகில் சதை புரண்டு, வியர்த்துக்கொண்டு, இரும்பை இழுக்கிற ஒரு பெண். அதற்கு முந்தின மாதம் என் அக்கா ராசிபுரத்திலிருந்து வந்திருந்தபோது சொன்னது காதில் கேட்டது: “ஏண்டா தம்பி, புள்ளைக்குத் தோளு ரெண்டும் நொகத்தடியாட்டம் ஆயிட்டு வருதே. மாப்பள ஊட்டுக்காரங்க பொண்ணுப் பாக்க வருவாங்களா, குஸ்தி போட வருவாங்களா?” அன்று அக்காவைக் கடிந்துகொண்டவன் நான். காலம் மாறிவிட்டது, நீ இன்னும் எருமை மேய்த்த காலத்திலேயே இருக்கிறாய் என்று சொன்னவன்.

பச்சை மிஷின்தான் என்று முடிவு செய்தோம். ஆடி வருகிறது, ஆடியில் புதுச் சாமான் வேண்டாம், ஆவணி பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் சொன்னேன். எனக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. ராகுகாலத்தில் பஸ் ஏறுகிறவன் நான். மகளுக்கு அது தெரியும். ஆனாலும் அவள் சந்தேகப்படவில்லை. தட்டுவடை செட் வாங்கிச் சாப்பிட்டோம். திரும்பும்போது மலை ஏறுகிற வரைக்கும் மிஷினைப் பற்றியே பேசினாள். வீட்டுக்கு வந்ததும் காபிக் கிடங்கில் ஒரு மூலையைக் காலி செய்து, கயிறு கட்டி உயரம் அளந்தாள். ஓடு இடிக்காது என்று கத்திச் சொன்னாள். கீழே பலகை வைத்தாள், தரை ஈரம் ஏறாமல் இருக்க. அவள் அம்மா அதே மூலைக்கு ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள்.

ஆடி மாதம் முழுக்க ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு நான் முயன்றேன். சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் என் அக்காவுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை என்று ஆகிவிடும். அந்த வீட்டில் சுவர் முழுக்கப் புத்தகம் வைத்திருந்தவன் நான். மகளிடம் பெண்களின் சுதந்திரம் பற்றியெல்லாம் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டியவன். படிக்காத தகப்பனாக இருந்திருந்தால் ‘போதும், நிறுத்து’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். அவளும் அழுது, சண்டை போட்டு, ஒருவேளை ஜெயித்தும் இருப்பாள். அந்தச் சண்டைக்கான வாய்ப்பைக்கூட நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

ஆவணியில் தனியாகச் சேலம் போனேன். அந்தக் கடை வாசல் வரைக்கும் போனேன். பச்சை மிஷின் உள்ளே இருந்தது. கடைக்காரர் குனிந்து அரத்தால் எதையோ ராவிக்கொண்டிருந்தார். நான் நிற்காமல் நடந்தேன். ரொம்ப தூரம் நடந்து, தராசும் எடைக்கல்லும் விற்கிற ஒரு கடையில் ஏறி, “வெயிட் மிஷின் வேணும்,” என்று கேட்டேன். நன்றாக நினைவிருக்கிறது, தராசு என்று சொல்லவில்லை. அந்த வார்த்தையையே சொன்னேன். பிறகு வீட்டில் ‘வெயிட் மிஷின் என்றுதான் கேட்டேன்’ என்று சொல்லும்போது அது பொய்யாக இருக்கக் கூடாது என்பதற்காக. படித்தவன் பொய் சொல்லுகிற விதம் அதுதான்.

மிஷின் இரண்டு நாள் கழித்துச் சாமான் வேனில் வந்தது. சாக்கு சுற்றி, சணல் தைத்து வந்தது. மகள் பள்ளிக்குப் போகவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயனிலிருந்து பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். ரைட்டர் அரிவாளால் சணலை அறுத்தார். சாக்கு விழுந்தது. இரும்பு மேடை, நிமிர்ந்த கம்பம், அதன் தலையில் குறுக்கே அளவு பொறித்த பித்தளைத் தண்டு, அதில் ஓடுகிற குண்டு.

ரைட்டர்தான் முதலில் கைகொட்டிச் சிரித்தார்.

“அட, வெயிட் மிஷின்னா இதுதானுங்களே! எம்மேக்காரரு என்னமோ கம்பி, பலகைன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்க. கடசீல நான் சொன்னதுதானுங்க வந்திருக்குது!”

தவறாக வந்துவிட்டது என்று சொல்ல நான் பஸ்ஸிலேயே வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். அது முழுவதும் தேவைப்படவில்லை. ரைட்டரே எனக்காகச் சொல்லிவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். “வேற ஒரு கடையில நல்லா இருக்கும்னு சொன்னாங்க… வெயிட் மிஷின்னுதான் கேட்டேன்,” என்றேன். கூட்டம் வெடித்துச் சிரித்தது. மலையில் எல்லோரையும்விட அதிகம் இங்கிலீஷ் படித்தவன் ஒரு இங்கிலீஷ் வார்த்தையில் வழுக்கி விழுந்துவிட்டான் என்பதைவிட அவர்களுக்கு வேறென்ன சந்தோஷம் வேண்டும்?

மகளும் சிரித்தாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலிப்பது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மேடையில் ஏறி நின்று, “ஏனுங்ப்பா, இதுல நின்னுட்டு எறிஞ்சா குண்டு தூரமாப் போகுங்களா?” என்று கேட்டாள். ரைட்டர் தண்டில் இருந்த குண்டைத் தள்ளி அவளுடைய எடையைப் படித்தார். லயன் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “சாமி, நீ ஒரு மூட்டைக்கு மேல இருக்கறே,” என்றாள் ஒருத்தி. அதற்கும் மகள் சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டாள்: “மாத்திக்கலாங்களாப்பா?”

“சர்க்கார் முத்திரை வெச்சது கண்ணு. திரும்ப எடுத்துக்க மாட்டாங்க.” அது முழுப் பொய். “பழக்காலம் முடியட்டும். அப்பறம் அதையும் வாங்கிக்கலாம்.”

“சரிங்ப்பா.”

பழக்காலம் முடிவது மாசியில். ஆள் எடுப்பது தையில். அவளுக்கும் அது தெரியும். ஆனால் என்னைத் தர்மசங்கடப்படுத்தக் கூடாது என்று நினைத்தாள். ஏமாந்துபோய் ஊர் சிரிக்க நிற்கிற அப்பாவை மேலும் ஒன்று கேட்டு நோகடிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அன்று மாலை என் மனைவி விளக்கேற்றிவிட்டு வந்து, “ஏனுங்க, நீங்க நெசமாவே தெரியாமத்தான் வாங்கினீங்களா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு கிடங்குக்குப் போய் அந்தப் புடவைத் திரையை அவிழ்த்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் இப்போது இல்லை. அவளிடம் நான் அதைத் திருத்திச் சொல்லவே இல்லை.

மகள் இருப்பதை வைத்துக்கொண்டு பழகினாள். பழைய தராசின் எடைக்கற்கள் சும்மா கிடந்தன; வளையம் வைத்த இரும்புக் கற்கள். அவற்றைத் தூக்கினாள். கிடங்கு உத்தரத்தில் கயிறு போட்டு மறுமுனையில் சாக்கு கட்டி இழுத்துப் பார்த்தாள். கயிறு மரத்தில் தேய்ந்து அறுந்துபோனது. மழை விட்ட நாட்களில் காபி உலர்த்துகிற களத்தின் ஓரத்தில் எறிந்தாள். சிமெண்ட் பெயர்ந்தது. நான் திட்டினேன்.

டீச்சரை ஒருமுறை ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். “கேள்விப்பட்டேன் சார். வெயிட் மிஷின்னே கேட்டீங்களாமே,” என்றார். நான் வழக்கம்போலச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தையில் டீச்சருடன் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்தாள். வாசலிலேயே சொன்னாள்: “நாலாவதுங்ப்பா. மூணு பேரத்தான் எடுத்தாங்க.” அவ்வளவுதான். கை கால் கழுவிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். அம்மா ஒரு முட்டை கூடுதலாக வைத்தாள். அவள் அதைச் சாப்பிடாமல் தட்டில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குள் முதலில் வந்தது துக்கம் அல்ல, நிம்மதி. அப்பாடா, முடிந்தது என்ற நிம்மதி. மற்றதை எல்லாம் சொல்லிவிட்டு இதை மறைத்தால் எழுதுவதில் பொருள் இல்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நினைத்தால் கெட்டவையாகத் தோன்றவில்லை. அதுதான் விசித்திரம். எங்கள் தராசு மலையில் பிரபலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் லயனிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தாயோடு சேர்த்து நிறுத்தி, பிறகு தாயை மட்டும் நிறுத்தி, கழித்துச் சொல்வாள் மகள். தலைச்சோலையிலிருந்து ஒருவர் பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து, தன் பழம்தான் பெரிது என்று பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் நிரூபித்துவிட்டு, அதை அங்கேயே வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போனார். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மேலே ஏறுகிற உறவுக்காரர்கள் வழியில் எங்கள் வீட்டில் இறங்குவார்கள். திருவிழா விருந்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது ஒரு வழக்கமே ஆகிவிட்டது. ரைட்டர் ஒருமுறை சட்டைப்பையில் எடைக்கல்லைப் போட்டுக்கொண்டு ஏறி, தான் தேறிவிட்டதாக மனைவியை நம்ப வைத்தார். ஒவ்வொரு முறையும் அந்த மிஷின் எப்படி வந்தது என்ற கதை நடக்கும். ஒவ்வொரு முறையும் மகள் அதை இன்னும் கொஞ்சம் மெருகேற்றுவாள்.

அவள் சேலத்தில் பி.காம். படித்தாள். பாங்கில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துத்தான் சம்மதித்தேன் என்பாள். தோளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வைகாசி. மனைவி போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகள் குடும்பத்தோடு வந்திருந்தாள். முதல் நாள் மாலை மாப்பிள்ளையின் தம்பி, புதிதாகக் கல்யாணம் ஆனவர், மனைவியோடு வந்திருந்தார். அவர்களுக்காக மறுபடியும் கதை நடந்தது. சேலம் கடையில் பச்சை மிஷினில் உட்கார்ந்து இழுத்ததை மகள் நடித்துக் காட்டினாள். கைகளை மேலே தூக்கி, இல்லாத கம்பியைப் பிடித்து, மார்புக்கு இழுத்தாள். மற்றவர்கள் அடுத்து வரப்போகிற சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். பிடியின் அகலம் கொஞ்சமும் பிசகவில்லை. விடும்போது மெதுவாக விட்டாள், பலகைகள் இடித்துக்கொள்ளாமல்.

மறுநாள் காலையில் அவள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பின்கட்டில் பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் குளிக்கவும் கோயிலுக்குப் புறப்படவும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“கண்ணு, அது தப்பா வந்ததில்ல. தெரிஞ்சேதான் வாங்கினேன்.”

“எதுங்ப்பா?”

“வெயிட் மிஷின்.”

அவள் சுளையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். நான் அக்கா சொன்னதையும், டீக்கடைப் பையன்களையும், ஆவணியில் போனதையும் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவள் என்னைப் பார்க்கவில்லை.

“அந்தக் கடைக்குப் போனீங்களா, இல்லீங்களா?”

“வாசல் வரைக்கும் போனேன்.”

“மிஷின் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு கண்ணு.”

கத்தியைக் கீழே வைத்தாள். “கடைக்காரன் வித்துட்டானோன்னு நெனச்சிருந்தேன். ஆடி முடியறதுக்குள்ள எவனாச்சும் எடுத்துட்டுப் போயிருப்பான், அதனாலதான் நீங்க வேற கடைக்குப் போயி ஏமாந்துட்டீங்கன்னு.” அவளுடைய குரலில் கோபம் இல்லை. ஏதோ கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. “நாலாவதுங்ப்பா. ஒரு சாணு. ஒரு சாணுலதான் போச்சு. உங்ககிட்ட அதைச் சொல்லவே இல்ல. சொன்னா, மிஷின் தப்பா வாங்கினதால ஆச்சுன்னு மனசு ஒடஞ்சு போயிருவீங்கன்னு.”

மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன். கேட்க முடியவில்லை.

“சொல்லாமயே இருந்திருக்கலாமுங்ப்பா,” என்றாள். “சிரிச்சுட்டாவது இருந்தேன்.”

மதியம் கோயிலிலிருந்து எல்லோரும் திரும்பிச் சாப்பிட்டு உட்கார்ந்தபோது, சேலத்திலிருந்து புதிதாக வந்த உறவுக்காரர் ஒருவர் தராசைத் தட்டிப் பார்த்து, “இதுக்கு என்னமோ கதை இருக்குதாமே? சொல்லு பாப்பா,” என்றார். மாப்பிள்ளையின் தம்பி மனைவி முன்கூட்டியே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

மகள் என்னைப் பார்த்தாள். “அப்பா சொல்லட்டுமுங்க. அவருக்குத்தான் முழுசாத் தெரியும்.”

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் அதற்காகத்தான் கதையை என்னிடம் கொடுத்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எம்.ஏ. படித்த ஒரு முட்டாளின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். ரைட்டரின் குரலில் பேசினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல், எண்ணெய்ப் பிசுக்கு போகாத விரல்களைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள். முடிந்ததும் எழுந்து, யாருக்கெல்லாம் காபி வேண்டும் என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை.